காப்பியடிச்சு மாட்டின கிருமி!

இந்த வாரம் கொஞ்சம் வயித்தைக் கலக்குற மேட்டர். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க, சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்க. வெயிட் பண்றேன்.

ஹாஸ்டல்வாசிகளுக்கு இந்த சீன் புதுசா இருக்காது. நான் செகண்ட் இயர் படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ்ஸில் சப்பாத்தி, குருமா, தயிர் சாதம். நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தோம். விடியற்காலை நாலு மணிக்கு பாத்ரூம் வாசலில் க்யூ. தியேட்டரில் முதல் நாள் முதல் ஷோவுக்குக்கூட அப்படி ஒரு க்யூவை நான் பார்த்ததில்லை. கிட்டத்தட்ட நாற்பது பேர். ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, விசாரணைக் கமிஷன் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

"குருமாதான்டா... அப்பவே ஒரு மாதிரி வாசம் வந்துச்சு."

"இல்ல மாப்ள, தயிர். நான் குருமாவே தொடல."

"தண்ணி டேங்க்ல பல்லி விழுந்திருக்கும்."

வார்டன் வந்தார். ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டும் மாத்திரையும் வந்தன. "வெளியில பரோட்டா சாப்பிட்டிருப்பீங்க" என்று ஒரு தீர்ப்பும் வந்தது. மெஸ் அண்ணனோ காலை ஆறு மணிக்கே அண்டா, கரண்டி எல்லாவற்றையும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, பளபளவென்று கவிழ்த்து வைத்துவிட்டார். அக்யூஸ்ட் எஸ்கேப்! குற்றவாளி குருமாவா, தயிரா, தண்ணியா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சரி, நாங்கள் நாற்பது பேரும் ஒரே மெஸ். கேஸ் அந்த நாலு சுவருக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு நாடு முழுக்க, ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத ஆயிரம் பேர், வேறு வேறு ஊரில், வேறு வேறு மாதத்தில் விழுந்தால்? எல்லாருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்வது? அந்த இடத்தை எப்படித் தேடுவது? தென்னாப்பிரிக்காவில் 2017-லும் 2018-லும் அப்படி ஒரு தேடல் நடந்தது. சினிமா போலீஸ் கதை தோற்றுப்போகும். அதைச் சொல்வதற்கு முன்னால், ஒரே ஒரு ரெக்கார்டு நோட்டு.

16.8 ரகசியம்

கெமிஸ்ட்ரி லேப். முந்தின பேட்ச் சீனியர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டு எங்கள் கிளாஸில் புனித நூல் மாதிரி கை மாறிக்கொண்டிருந்தது. அந்த மகானுபாவர் ஒரு டைட்ரேஷன் ரீடிங்கை 18.6 என்று எழுத வேண்டிய இடத்தில் 16.8 என்று எழுதித் தொலைத்திருந்தார். நம்ம ஆட்கள் யோசிக்கிற ஜாதியா? பதினேழு பேர் நோட்டில் 16.8.

அதில் பாபு மட்டும் தூக்கக் கலக்கத்தில், "இளஞ்சிவப்பு" என்ற இடத்தில் "சிவப்பு" என்று எழுதிவிட்டான். பாபு நோட்டைப் பார்த்து எழுதிய நாலு பேரிடம் இரண்டு தப்பும் இருந்தன: 16.8, சிவப்பு. அந்த நாலில் ஒருத்தன் படத்தில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டான். அவனைப் பார்த்து எழுதியவனிடம் மூன்று தப்பு.

சார் எல்லா நோட்டையும் மேஜையில் பரப்பினார். பத்தே நிமிஷம். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று போர்டில் ஒரு குடும்ப மரமே வரைந்துவிட்டார். உச்சியில் சீனியர், கீழே பாபு, அதற்குக் கீழே பாபுவின் வாரிசுகள். நாங்கள் வாயடைத்து நின்றபோது அவர் சொன்னார்: "சரியான விடையை எல்லாரும் எழுதலாம்டா. ஒரே தப்பை இத்தனை பேர் தனித்தனியா எழுத முடியாது."

அவ்வளவுதான் பாஸ். ஜீனோம் சீக்வென்சிங்கை வைத்து நோயின் ஊற்றைத் தேடும் வித்தை முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் மெஷினும் கணக்கும்.

29 லட்சம் எழுத்து

பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிரியும்போது தன் டி.என்.ஏ முழுவதையும் காப்பியடிக்க வேண்டும். டி.என்.ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்று நாலே நாலு எழுத்தில் எழுதின ஒரு நீளமான புத்தகம். நம் கதையின் வில்லன் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். அதன் புத்தகத்தில் சுமார் 29 லட்சம் எழுத்துகள். நம்மைவிட ஒழுங்காகவே காப்பியடிக்கும். ஆனாலும் எப்போதாவது ஒரு எழுத்து மாறிப்போகும். அந்தத் தப்பு அதன் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் அப்படியே போய்ச் சேரும். பாபுவின் "சிவப்பு" மாதிரி.

இப்போ இரண்டு நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளின் புத்தகங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறோம். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் என்றால் இருவருக்கும் சம்பந்தமில்லை. இரண்டு மூன்றுதான் வித்தியாசம் என்றால், இரண்டு கிருமிக்கும் சமீபத்தில் ஒரே தாத்தா. அதாவது, இருவருக்கும் நோய் ஒரே இடத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

படிப்பது எப்படி? நோயாளியின் ரத்தத்திலிருந்தோ மலத்திலிருந்தோ கிருமியைப் பிரித்து லேபில் வளர்ப்பார்கள். டி.என்.ஏவை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குவார்கள். மெஷின் ஒவ்வொரு துண்டாகப் படிக்கும். கிழிந்த கொஸ்டின் பேப்பரை ஒட்டவைப்பதுபோல, அந்தத் துண்டுகளை எல்லாம் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும்.

இதற்கு முன்பும் கிருமிக்குக் கைரேகை எடுக்கும் முறை இருந்தது. 1993-ல் அமெரிக்காவில் ஒரு ஹாம்பர்கர் கடைச் சங்கிலியில் சாப்பிட்டு எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஈ.கோலை கிருமியால் விழுந்தார்கள். நாலு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு 1996-ல் 'பல்ஸ்நெட்' என்ற லேப் வலைப்பின்னலை அங்கே தொடங்கினார்கள். அப்போதைய முறையில் டி.என்.ஏவைச் சில இடங்களில் வெட்டி, துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டால், பார்கோடு மாதிரி கோடுகள் தெரியும். கோடு ஒத்துப்போனால் சொந்தம். உபயோகம்தான், ஆனால் ரெக்கார்டு நோட்டின் அட்டையையும் பக்க எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து, காப்பி என்று சொல்வது போன்றது. உள்ளே இருக்கும் 16.8 தெரியாது. 2013-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி, லிஸ்டீரியா நோயாளிகளிடமிருந்து கிடைக்கும் கிருமிகளின் முழு ஜீனோமையும் படிக்கத் தொடங்கியது. 2019-ல் பல்ஸ்நெட்டின் முக்கிய முறையாகவே சீக்வென்சிங் ஆகிவிட்டது.

ஃப்ரிட்ஜுக்கு அசராத ஆள்

இப்போ தென்னாப்பிரிக்கா போவோம்.

2017-ம் வருடத்தின் நடுப்பகுதி. ஜோஹனஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் பெரிய ஆஸ்பத்திரிகளில் பச்சிளம் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம். பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகளுக்குக் கடும் தொற்று. பரிசோதித்தால் லிஸ்டீரியா. அந்த நாட்டில் வருடத்துக்கு அறுபது, எண்பது பேருக்கு வந்துகொண்டிருந்த நோய், திடீரென்று வாரா வாரம் வருகிறது. அவர்கள் தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார்கள்.

லிஸ்டீரியா சாதாரண ஆள் இல்லை. மற்ற பல கிருமிகள் ஃப்ரிட்ஜில் வைத்தால் சுருண்டு படுத்துக்கொள்ளும். இது அங்கேயும் மெதுவாகப் பெருகும். நம்மைப் போன்ற ஆரோக்கியமான ஆட்களுக்குப் பெரும்பாலும் லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கோடு போய்விடும். வயதானவர்கள், ஹெச்.ஐ.வி போன்ற காரணங்களால் எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரிடம் வேலையைக் காட்டிவிடும். அம்மாவுக்குச் சும்மா ஜுரம் மாதிரி இருக்கும். வயிற்றில் உள்ள குழந்தைக்கு அதுவே உயிராபத்து. கரு கலையலாம். பிறந்த குழந்தைக்கு ரத்தத்திலோ மூளையுறையிலோ தொற்று வரலாம்.

கண்டுபிடிப்பதில் இன்னொரு சிக்கல். கெட்ட குருமா மறுநாள் காலையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். லிஸ்டீரியா உள்ளே போய் நோயாக வெளிப்பட எழுபது நாள் வரைகூட ஆகலாம். "போன மாசத்துக்கு முந்தின மாசம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் நீங்களோ நானோ என்ன சொல்வோம்? அதுவும் குழந்தையைப் பறிகொடுத்து நிற்கும் ஒரு அம்மாவிடம் அதைக் கேட்க வேண்டும். கேட்டார்கள். வேறு வழியில்லை.

ஒரே கும்பல்... ஆனா எங்கே?

2017 டிசம்பர் 5. சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சொலேடி, நாட்டில் லிஸ்டீரியா பரவிவருகிறது என்று அறிவித்தார். அதற்குள் ஐநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அதுவரை லிஸ்டீரியா, கட்டாயமாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே இல்லை. அந்த டிசம்பரில்தான் சேர்த்தார்கள்.

லேபில் சீக்வென்சிங் நடந்துகொண்டிருந்தது. லிஸ்டீரியாவில் பல குலங்கள் உண்டு. ஏழு குறிப்பிட்ட ஜீன்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தால், பெரும்பாலான நோயாளிகளிடம் இருந்தது ஒரே குலம். பெயர் எஸ்.டி.6. இந்தக் கேஸில் மொத்தம் 609 கிருமிகளின் ஜீனோமைப் படித்ததில் 567 எஸ்.டி.6, அதாவது நூற்றுக்கு 93.

இதுதான் முதல் பெரிய துப்பு. நாடு முழுக்க நூறு அடுப்படியில் நூறு விதத் தப்பு நடக்கவில்லை. எங்கோ ஓரிடத்தில் இருந்துதான் கிளம்புகிறது. எல்லார் நோட்டிலும் அதே 16.8.

ஆனால் அந்த சீனியர் நோட்டு எங்கே? அதைச் சொல்ல சீக்வென்சிங் மெஷினால் முடியாது ஃப்ரெண்ட்ஸ். எங்க சார் மரம் வரைய முடிந்ததற்குக் காரணம், சீனியரின் நோட்டும் அவர் மேஜைக்கு வந்து சேர்ந்ததுதான். அது வராமலிருந்தால், "எல்லாரும் எதையோ ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கீங்க" என்பதோடு நின்றிருப்பார். தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் அந்த டிசம்பரில் நின்ற இடம் அதுதான். நோயாளிகளின் கிருமி கையில் இருக்கிறது. அதோடு ஒத்துப்போகும் ஒரு உணவின் கிருமி கையில் இல்லை. பால், காய்கறி, கோழி, ஐஸ்க்ரீம் என்று எதை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். வாரா வாரம் சாவு எண்ணிக்கை ஏறுகிறது.

ஒன்பது குழந்தைகள்

2018 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. சொவெட்டோவில் இருக்கும் கிறிஸ் ஹானி பாரக்வனாத் ஆஸ்பத்திரி. உலகத்தின் மிகப்பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகள் காய்ச்சல், வயிற்றுப்போக்கோடு வந்தார்கள். எல்லாரும் ஒரே குழந்தைகள் காப்பகம்.

அன்று பணியில் இருந்த குழந்தைகள் டாக்டர், "ஏதோ ஃபுட் பாய்சன்" என்று மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு, லிஸ்டீரியாவாக இருக்குமோ என்று ஒரு பொறி தட்டியது. சுகாதார ஆய்வாளர்களுக்குத் தகவல் போனது. அவர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல், அன்றைக்கே காப்பகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பொலோனியை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள்.

பொலோனி என்றால்? இளஞ்சிவப்பு நிறத்தில், தடிமனான உருளையாக வரும் பதப்படுத்தின இறைச்சி. தொழிற்சாலையிலேயே வேகவைத்து வந்துவிடும். அப்படியே வெட்டி ரொட்டியில் வைத்துச் சாப்பிடலாம். மலிவு. சொவெட்டோ பக்கம் 'கோட்டா' என்று ஒரு அயிட்டம் பிரபலம். கால் ரொட்டியைக் குடைந்து, உள்ளே உருளைக்கிழங்கு வறுவல், பொலோனி, 'அச்சார்' எல்லாம் வைத்து அடைப்பார்கள். அச்சார் நம்ம ஊறுகாயோட தூரத்துச் சொந்தம்தான். ஏழைகளின் பசிக்கும் பள்ளிப் பிள்ளைகளின் டப்பாவுக்கும் பொலோனிதான் கைகொடுக்கும்.

ஒரு குழந்தையின் மலத்தில் லிஸ்டீரியா. காப்பகத்துப் பொலோனியிலும் லிஸ்டீரியா. இரண்டும் ஜீனோம் லேபுக்குப் போயின. ஜனவரி 27-ம் தேதி முடிவு: எஸ்.டி.6. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்த பதினைந்தாம் நாள்!

அடுத்து, பொலோனி வந்த வழியைப் பிடித்துக்கொண்டே போனார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களோடு ஒரு குழு பொலக்வானே என்ற ஊரில் இருந்த என்டர்பிரைஸ் நிறுவனத்தின் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. மெஷின், தரை என்று ஒரு இடம் விடாமல் துடைத்துத் துடைத்து மாதிரி எடுத்தார்கள். அவற்றில் முப்பது சதவிகிதத்துக்கு மேல் லிஸ்டீரியா. குறைந்தது பதினாறு மாதிரிகளில் எஸ்.டி.6. நோயாளிகளிடமிருந்து எடுத்தது, பொலோனியில் இருந்தது, தொழிற்சாலையில் இருந்தது என எல்லா எஸ்.டி.6-ஐயும் ஜீன் ஜீனாக ஒப்பிட்டார்கள். லிஸ்டீரியாவுக்கு 1,748 ஜீன்களை வரிசையாக வைத்து ஒப்பிடும் முறை ஒன்று உண்டு. இந்தக் கும்பலுக்குள் வித்தியாசம் அதிகபட்சம் நாலு ஜீன். சீனியர் நோட்டு சிக்கியது.

இதற்கிடையில், நோயாளிகளிடம் பேசியவர்களும் சும்மா இருக்கவில்லை. பேட்டி கண்ட 109 பேரில் 93 பேர், பதப்படுத்தின இறைச்சி சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் முதல் இடம் பொலோனிக்கு. மெஷின் சொன்னதும் மனிதர்கள் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

மார்ச் 4-ம் தேதி அமைச்சர் பேரைச் சொல்லி அறிவித்தார். கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்தார்கள். அதன்பின் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. செப்டம்பர் 3-ம் தேதி எல்லாம் முடிந்தது என்று அறிவித்தபோது கணக்கு இது: 1,060 பேருக்கு நோய், 216 சாவு. உலகத்தில் பதிவான லிஸ்டீரியா பரவல்களிலேயே இதுதான் பெரியது. ஆய்வாளர்கள் அலசிய 937 பேரில் சரிபாதி கர்ப்பம், பிரசவம் சம்பந்தப்பட்டவை. 406 பேர் பச்சிளம் குழந்தைகள். பொலோனியை அவர்கள் ருசி பார்த்ததே இல்லை.

பாவம், வெள்ளரிக்காய்

"மெஷின் இருந்தா போதுமே பாஸ், உடனே பிடிச்சிடலாமே?" என்று கேட்பவர்களுக்கு, இன்னொரு கதை. இது ஜெர்மனி, 2011 மே மாதம். சுமார் 3,800 பேரை ஒரு புது வகை ஈ.கோலை தாக்கியது. எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகும் அளவுக்குப் போனது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அந்தக் கிருமியின் ஜீனோமை ஜூன் தொடக்கத்திலேயே சீனாவில் படித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். பல நாட்டு விஞ்ஞானிகள் ராப்பகலாக அலசினார்கள். அது எந்த வகை, அதற்கு விஷம் எங்கிருந்து வந்தது, எந்த மருந்துக்கு மசியாது எல்லாம் தெரிந்துவிட்டது. எந்த உணவிலிருந்து வந்தது என்று மட்டும் தெரியவில்லை.

அதற்கு முன்பே, ஹம்பர்க் அதிகாரிகள் மே 26-ம் தேதி ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் கைகாட்டிவிட்டார்கள். வெள்ளரிக்காயில் ஈ.கோலை இருந்தது உண்மை. ஆனால் அது வேற ஈ.கோலை! நோயாளிகளுக்கு வந்ததோடு சம்பந்தமில்லாதது. இது தெரிவதற்குள் ஐரோப்பா முழுக்க ஸ்பெயின் காய்கறியைத் தொட ஆளில்லை. வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று அந்த நாட்டு ஏற்றுமதியாளர்கள் புலம்பினார்கள். நம்ம மெஸ்ஸில் "குருமாதான்டா" என்று சொன்னோமே, அதேதான். ஸ்பெயின் விவசாயிக்கு அது பிழைப்பு.

கடைசியில் பிடித்தது எப்படி? ஒரு ஓட்டலில் சாப்பிட்ட பல குழுக்களைத் தேடிப்பிடித்தார்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்று நோயாளிகளைக் கேட்பதோடு நிறுத்தாமல், யார் எந்த டிஷ் ஆர்டர் செய்தார்கள் என்று பார்த்தார்கள். பிறகு சமையல்காரரிடம் போய், அந்த டிஷ்ஷில் என்னென்ன போட்டீர்கள் என்று விசாரித்தார்கள். முளைகட்டிய பயறு வகை வசமாக மாட்டியது. தட்டின் ஓரத்தில் அலங்காரமாகத் தூவியிருப்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்? முதலில் கேட்டபோது நோயாளிகளில் நாலில் ஒருத்தர்தான் அதைச் சொல்லியிருந்தார். ஜூன் 10-ம் தேதி அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். பின்னால் தோண்டியபோது, எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதைதான் மூலம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆமாம், நம்ம வெந்தயம்!

பழைய ஃபைல்

சீக்வென்சிங்கின் இன்னொரு அழகு, அது பழைய கணக்கையும் தீர்க்கும். அமெரிக்காவில் 2015-ல் கான்சஸ் மாநிலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. வேறு நோய்க்காகப் படுத்திருந்த ஐந்து பேருக்கு லிஸ்டீரியா. விசாரித்தால், அவர்களில் நாலு பேர் ஆஸ்பத்திரியிலேயே ஐஸ்க்ரீம் போட்ட மில்க் ஷேக் குடித்திருந்தார்கள். ஐஸ்க்ரீம், ப்ளூ பெல் கம்பெனியுடையது. அந்த நேரம் பார்த்து இன்னொரு மாநிலத்தில் வழக்கமான சோதனைக்கு எடுத்த அதே கம்பெனி ஐஸ்க்ரீமிலும் லிஸ்டீரியா சிக்கியிருந்தது. சேமித்து வைத்திருந்த பழைய கிருமிகளோடு ஒப்பிட்டால், 2010-லிருந்தே அங்கங்கே ஒற்றை ஒற்றையாக வந்த நோயாளிகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். மொத்தம் பத்து பேர், மூன்று சாவு. ஐந்து வருடத்தில் பத்து பேர் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஒவ்வொன்றும் தனித்தனி துரதிர்ஷ்டமாகத்தான் தெரிந்திருக்கும். 2015 ஏப்ரலில் கம்பெனி தன் எல்லா சரக்கையும் திரும்பப் பெற்றது. 2020-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு கோடியே 93 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்டியது.

இது எப்படி முடிந்தது? 2010-ல் ஏதோ ஒரு லேபில் யாரோ ஒருவர், ஒரே ஒரு நோயாளியின் கிருமியை "இதுக்கு இனிமே என்ன வேலை?" என்று கொட்டிவிடாமல், லேபிள் ஒட்டி எடுத்து வைத்ததால்!

அண்டாவைக் கழுவாதீங்க!

மூன்று கதையிலும் மெஷின் செய்த வேலை பிரமாதம். ஆனால் மெஷினுக்கு வேலை கொடுத்தவர்களைக் கொஞ்சம் பாருங்கள். பொறி தட்டிய ஒரு டாக்டர். வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் ஓடிய ஆய்வாளர்கள். சமையல்காரரிடம் போய் "இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்டவர்கள். பாட்டிலில் லேபிள் ஒட்டியவர். இவர்களில் ஒருத்தர் சோம்பியிருந்தாலும், எவ்வளவு பெரிய ஜீனோம் லேபும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கிருமியின் 29 லட்சம் எழுத்தைச் சில ஆயிரம் ரூபாயில், சில நாளில் இன்றைக்குப் படித்துவிடலாம். கழுவிக் கவிழ்த்த அண்டாவை எந்த மெஷினாலும் படிக்க முடியாது.

அதனால, ஹாஸ்டல் மக்களே, மெஸ் கமிட்டி சிங்கங்களே, நாலு விஷயம்:

• தினமும் ஒவ்வொரு அயிட்டத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து, மூடி, தேதி எழுதி, இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்க. செலவு ஒரு கரண்டி சாம்பார்.

• நிறையப் பேருக்கு ஒரே நேரத்தில் வயிறு சரியில்லை என்றால், மாத்திரையோடு முடிச்சுக்காதீங்க. மலப் பரிசோதனைக்குக் கொடுங்க. கூச்சமாத்தான் இருக்கும். ஆனா சாட்சி அங்கேதான் இருக்கு.

• யார் என்ன சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை, எப்போ ஆரம்பித்தது என்று ஒரு நோட்டில் அன்றைக்கே எழுதுங்க. நல்லா இருக்கிறவனையும் கேட்டு எழுதணும். குருமா சாப்பிட்டும் அவன் ஜம்முனு இருந்தா, குருமாவைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கலாம்.

• முடிவு வரும்வரை யாரையும் வெள்ளரிக்காய் ஆக்காதீங்க. மெஸ் அண்ணனுக்கும் குடும்பம் இருக்கு.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையில் டாக்டருக்கும் மைக்ரோபயாலஜிஸ்டுக்கும் பக்கத்துல ஒரு சீட் உங்களுக்கும் உண்டு. லட்சக்கணக்கான எழுத்தை ஒப்பிட்டு மரம் வரையறது முழுக்க ப்ரோக்ராமும் கணக்கும்தான். எங்க கெமிஸ்ட்ரி சார் பத்து நிமிஷத்துல செஞ்சதை, ஆயிரம் கிருமிக்குச் செய்யணும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஒரே ஒரு கிண்ணம் குருமாவை யாராவது எடுத்து வைத்திருந்தால், எங்கள் நாற்பது பேர் கேஸும் ஒருவேளை முடிந்திருக்கும். நாங்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டோம், அடுத்த வாரமே அதே குருமாவை வரிசையில் நின்று வாங்கினோம். தென்னாப்பிரிக்காவில் பலருக்கு அந்த அடுத்த வாரம் வரவில்லை.

சரி, போய்ச் சாப்பிடுங்க. சூடா சாப்பிடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!